பார்க்க அழகாக இருந்த வரைபடத்தில் சண்டை வாசலிலேயே முடிந்துவிட்டது: அடுத்ததை எங்கிருந்து தொடங்குவது?

மழைக்குருவி (கேள்வி)

வணக்கம். நானே எழுதிய ஒரு மாயாஜாலச் சாகசத்தைச் சில மாதங்களாக நான்கு நண்பர்களுக்கு நடத்தி வருகிறேன். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு இது; விதிகளுக்கு 2014-இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பைப் பின்பற்றுகிறோம். உலகமும் ஊர்களும் பகைவர்களும் என் கற்பனை. மூவர் மேசையைச் சுற்றி நேரில் அமர்கிறார்கள், ஒருவர் இணையம் வழியாகச் சேர்ந்துகொள்கிறார். ஆகவே ஒரே வரைபடத்தைத் தாளில் அச்சிடவும் வேண்டியிருக்கிறது, திரையில் ஏற்றவும் வேண்டியிருக்கிறது.

சென்ற அமர்வுக்காக ஓர் இடிந்த காவல் கோபுரத்தை வரைந்தேன். 40-க்கு 40 கட்டங்கள் கொண்ட அந்த வரைபடத்துக்கு 11 மணி நேரம் ஆயிற்று. குதிரை லாயம், கிணறு, கவிழ்ந்த வண்டி, பாசி படர்ந்த சுற்றுமதில் என்று ஒவ்வொன்றையும் ஆசையாகச் செய்திருந்தேன். நடுவில் 8-க்கு 8 கட்ட அளவில் கோபுரம், அதற்குத் தெற்கே ஒரு வாசல். ஆட்டக்காரர்கள் தெற்கு ஓரத்திலிருந்து புறப்பட்டார்கள். முதல் இரண்டு சுற்றுகளும் (எல்லாரும் தத்தம் முறையை ஒரு தடவை ஆடி முடித்தால் ஒரு சுற்று) நடப்பதிலேயே போயின. பிறகு எங்கள் வீரர் வாசலில் போய் நின்றுகொண்டார். உள்ளே இருந்த ஆறு கொள்ளையரும் ஒருவர் பின் ஒருவராக அவர் முன் வந்து விழுந்தார்கள். வில்லாளியாக ஆடுபவர் தொடர்ந்து நான்கு சுற்றுகள் “நான் காத்திருக்கிறேன்” என்றே சொன்னார். லாயத்தின் பக்கமோ கிணற்றின் பக்கமோ ஒருவர்கூடப் போகவில்லை.

அச்சிலும் ஒரு குறை. கட்டங்கள் 25 மில்லிமீட்டருக்குப் பதிலாக ஏறக்குறைய 23-ஆக வந்துவிட்டன. பாத்திரங்களைக் குறிக்கும் சிறு பொம்மைகளான மினியேச்சர்களின் அடித்தட்டு 25 மில்லிமீட்டர் என்பதால் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருந்தன.

அடுத்து வருவது கதையின் இரண்டாம் பகுதியை முடிக்கும் சண்டை. ஆழமான மலைப்பிளவின் குறுக்கே ஒரு கயிற்றுப்பாலம், அப்பால் பகைவரின் முகாம். பாலம் 12 கட்ட நீளம், 1 கட்ட அகலம் என்று நினைத்திருக்கிறேன். வரைபடம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், எதை வரைய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய பகடை (மறுமொழி)

உங்கள் வரைபடத்தில் குறை உழைப்பில் இல்லை, வரிசையில் இருக்கிறது. நீங்கள் முதலில் இடத்தை வரைந்தீர்கள். சண்டை அதற்குள் எப்படியாவது பொருந்திக்கொள்ளும் என்று விட்டுவிட்டீர்கள். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். இப்போது ஒரு கோடு இழுப்பதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவைத்துக்கொள்கிறேன்: பகைவருக்கு இந்த இடத்தில் என்ன வேண்டும், ஆட்டக்காரர்களுக்கு என்ன வேண்டும், நின்ற இடத்திலேயே நிற்பவர் எதை இழப்பார். மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத களத்தில் எல்லாரும் முதலில் கிடைத்த நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். உங்கள் வீரர் வாசலில் நின்றது தவறே அல்ல. அந்தக் களத்தில் அதைவிடச் சிறந்த இடம் அவருக்கு இருக்கவில்லை.

தொலைவை அடிக்கணக்கில் யோசிப்பதை விட்டுவிட்டு, ஒரு முறைக்கு ஒருவர் எவ்வளவு நடப்பார் என்ற அளவுகோலில் யோசித்துப் பாருங்கள். கட்டத்துக்கு 5 அடி. பெரும்பாலான பாத்திரங்களின் வேகம் 30 அடி. எனவே ஒரு முறைக்கு 6 கட்டங்கள், தாக்குதலை விட்டுவிட்டு ஓடினால் 12. உங்கள் தெற்கு ஓரத்திலிருந்து வாசல்வரை 16 கட்டங்கள் இருந்திருக்க வேண்டும். ஒருவர் ஓடினால்கூட அது இரண்டு முறை. அந்த இரண்டு சுற்றுகளிலும் எந்த முடிவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இரு தரப்புக்கும் இடையே தொடக்கத்தில் 6 முதல் 9 கட்டங்கள் இருந்தால் முதல் முறையிலேயே ஒரு தேர்வு வந்துவிடும்: நேரே பாய்ந்து அடிப்பதா, மறைவுக்குப் போய் ஒரு முறை பொறுப்பதா? அந்த நிலையில் மொத்த வரைபடமும் 24-க்கு 18 கட்டங்களைத் தாண்ட வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. பெரிய வெளி தேவைப்படுவது குதிரைகள் ஓடும்போதும், பறப்பவை வரும்போதும், தொலைவிலிருந்து எய்வதே சண்டையின் சாரமாக இருக்கும்போதும்தான். குறுவில்லின் இயல்பான எல்லையே 80 அடி, அதாவது 16 கட்டங்கள். நீங்கள் விட்ட வெற்றிடம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்தது வாசல். ஒரு கட்ட அகலமுள்ள வாசல் புட்டிக்கு மூடி போன்றது. யார் அதில் நின்றாலும் களம் அடைபட்டுப் போகும். அதே வாசலை 2 கட்டமாக ஆக்குங்கள், ஒருவரால் அடைக்க முடியாது. அதோடு இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும், ஆனால் அந்த வழிக்கு ஒரு விலை இருக்க வேண்டும். உங்கள் கோபுரம் இடிந்த கோபுரம்தானே? வடக்குச் சுவரில் 3 கட்ட அகலத்துக்கு ஓர் உடைப்பை வையுங்கள், அதன் முன்னே 3 கட்ட ஆழத்துக்கு இடிபாட்டுக் குவியல். குவியல் கடினத் தரை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கட்ட நடை செலவாகும். அப்படியானால் அதைக் கடக்க ஒருவருக்கு ஒரு முழு முறை ஆகும். வாசல் விரைவானது, ஆனால் அங்கே காவல் இருக்கிறது. உடைப்பு மெதுவானது, ஆனால் அங்கே யாரும் இல்லை. வில்லாளியும் மந்திரவாதியும் இப்போது தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள்.

அசைவதற்கான காரணத்துக்கு, கோபுர உச்சியில் ஓர் எச்சரிக்கை மணி போதும். சண்டை தொடங்கிய உடனே கொள்ளையரில் ஒருவன் படிக்கட்டை நோக்கி ஓடுகிறான்; மூன்றாம் சுற்று முடிவதற்குள் அவன் மணியை அடித்துவிட்டால் வெளியே போயிருக்கும் கூட்டம் திரும்பிவிடும். வாசலில் நிற்பது இனி வீரருக்கு வசதியான வேலை அல்ல, ஏனென்றால் அவர் அங்கே நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு சுற்றும் ஓடுகிறவனுக்கு ஆதாயம்.

இனி உங்கள் பாலம். இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: 12 கட்ட நீளமும் 1 கட்ட அகலமும் உள்ள கயிற்றுப்பாலம் என்பது நீட்டப்பட்ட ஒரு வாசல்தான். கதையில் அது கிளர்ச்சியூட்டும். கட்டத்தில் வைத்தால் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள், முன்னால் இருப்பவர் மட்டும் சண்டை போடுவார். பாலத்தை விட்டுவிட வேண்டியதில்லை, அதைச் சுற்றியுள்ளதை மாற்றுங்கள். 3 கட்ட அகலக் கற்பாலம் ஒன்று நடுவில் 4 கட்ட நீளத்துக்கு இடிந்து விழுந்திருக்கிறது. அந்த இடைவெளியில் இரண்டு மரத்தூலங்கள் மட்டும் குறுக்கே கிடக்கின்றன. பாலத்துக்குக் கீழே 10 அடி ஆழத்தில் பிளவின் இரு சுவர்களையும் ஒட்டி 2 கட்ட அகலப் பாறைத்திட்டு ஓடுகிறது. இரு திட்டுகளும் ஒரு பாறை நெருக்கில் ஒன்றை ஒன்று தொடுகின்றன. மேலிருந்து தள்ளப்பட்டவர் இறந்துவிட மாட்டார், 10 அடிக்கு ஓர் அறுமுகப் பகடை அளவு காயத்தோடு திட்டில் விழுவார். ஏறி மீள 10 அடி ஏற்றத்துக்கு 20 அடி நடை செலவாகும், அதாவது ஆறு கட்டங்களில் நான்கு. விழுந்தவருக்கு அங்கேயும் ஒரு வழி இருப்பதால் அவர் ஆட்டத்தை விட்டு வெளியேறியவராக ஆகிவிடுவதில்லை. தள்ளுவதும் இழுப்பதும் மதிப்புள்ள செயல்களாகிவிடும். தள்ளும் முயற்சி வென்றால் எதிரி நகர்வது ஒரு கட்டம்தான், ஆனால் தூலத்தின் மேல் அந்த ஒரு கட்டமே எல்லாம்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள். கணினியைத் திறப்பதற்கு முன்னால் கட்டமிட்ட நோட்டுத்தாளில் பென்சிலால் களத்தைக் கிறுக்கி, நாணயங்களைப் பாத்திரங்களாக வைத்து, இரு தரப்பையும் நீங்களே மூன்று சுற்றுகள் ஆடிப் பாருங்கள். பகடைகூட உருட்ட வேண்டாம். யார் எங்கே போவார் என்பதை மட்டும் பாருங்கள். ஒரு நாணயம் இரண்டு சுற்றுகள் அதே கட்டத்தில் கிடந்தால் அந்த மூலையில் ஏதோ சரியில்லை. இந்த ஒத்திகைக்குக் கால்மணி நேரம் போதும். உங்கள் 11 மணி நேர உழைப்பை அது காப்பாற்றியிருக்கும்.

தாளும் கத்தரியும் (மறுமொழி)

களத்தை எப்படி அமைப்பது என்று மேலே விரிவாகச் சொல்லிவிட்டார்கள். அச்சைப் பற்றியும் கோப்பைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

கட்டம் சுருங்கியதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். அச்சிடும் சாளரத்தில் “பக்கத்துக்குள் பொருத்து” என்ற தேர்வு இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அது ஓரங்களுக்கு இடம் விடுவதற்காகப் படத்தைச் சில விழுக்காடு சுருக்கிவிடும். “உண்மை அளவு” அல்லது 100 விழுக்காடு என்று மாற்றிவிட்டு, முதலில் ஒரே ஒரு தாளை அச்சிட்டு, அளவுகோலால் ஒரு கட்டத்தை அளக்காதீர்கள், ஐந்து கட்டங்களைச் சேர்த்து அளந்து பாருங்கள். 127 மில்லிமீட்டர் வந்தால் கட்டம் சரியாக ஓர் அங்குலம். ஒரு கட்டத்தில் அரை மில்லிமீட்டர் பிழை கண்ணுக்குத் தெரியாது, ஐந்தில் தெரிந்துவிடும்.

ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர். ஓரம் போக அதில் முழுதாக அடங்குவது 7-க்கு 10 கட்டங்கள். ஆகவே வரைபடத்தின் அளவை அந்த எண்களின் மடங்காகத் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால் தாள் வீணாகாது: 21-க்கு 20 என்றால் சரியாக ஆறு தாள்கள். படத்தை இந்தத் துண்டுகளாக நீங்களே வெட்டி ஏற்றுமதி செய்யலாம், அல்லது பீடிஎஃப் படிக்கும் மென்பொருளில் சுவரொட்டி அச்சு என்ற வசதி இருந்தால் அது தானே பிரித்துத் தரும். ஒட்டும்போது தாளின் முனையை நம்ப வேண்டாம். ஒரு தாளின் ஓரத்தைக் கட்டக் கோட்டிலேயே வெட்டி, அடுத்த தாளின் மேல் கோட்டோடு கோடு சேர வைத்து, பின்பக்கமாக டேப் போடுங்கள். முன்பக்கம் போட்டால் விளக்கொளியில் பளபளக்கும், மினியேச்சரும் வழுக்கும்.

திரைக்கு வேறு கணக்கு. ஒரு கட்டத்துக்கு 100 பிக்சல் போதுமானது, 140 என்றால் நன்றாகவே இருக்கும். 24-க்கு 18 கட்ட வரைபடம் அப்போது 3360-க்கு 2520 பிக்சல் ஆகும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படத்தின் அகலமும் உயரமும் கட்ட அளவின் சரியான மடங்காக இருக்க வேண்டும். பத்துப் பிக்சல் கூடிவிட்டால், இடது ஓரத்தில் பொருந்தியிருக்கும் கட்டக்கோடு வலது ஓரத்துக்குப் போகும்போது சுவருக்குள் புகுந்திருக்கும். அச்சுப்படி கட்டக் கோட்டோடும், திரைப்படி கோடு இல்லாமலும் என இரண்டு படிகளை எடுத்து வையுங்கள். இணையத்தில் ஆட உதவும் மென்பொருள்களான ரோல்20, ஃபவுண்ட்ரி, அவுல்பேர் ரோடியோ மூன்றுமே தங்கள் கோட்டைத் தாங்களே போட்டுக்கொள்ளும். படத்தின் மேல் ஒரு கோடு, மென்பொருளின் கோடு ஒன்று என இரண்டும் சேர்ந்தால் கண் வலிக்கும். கோப்பை வெப்பி வடிவத்தில் சேமித்தால் பிஎன்ஜியைவிடப் பெரும்பாலும் பல மடங்கு சிறியதாகும். இணையத்தில் சேர்கிற நண்பர் காத்திருக்க வேண்டியிருக்காது.

எதில் வரைவது என்றும் உங்களுக்குத் தோன்றும். வெறும் சுவரும் தரையும் போதுமென்றால் டன்ஜன் ஸ்க்ரால் உலாவியிலேயே இயங்குகிறது, அரைமணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். மரம், கூரை, மேசை என்று பொருள்களை அடுக்க வேண்டுமானால் டன்ஜன்ட்ராஃப்ட் நன்றாக இருக்கிறது. சுவர்களும் கதவுகளும் விளக்குகளும் எங்கே இருக்கின்றன என்ற தகவலையும் அது கோப்போடு சேர்த்துத் தரும், கூடுதல் மாட்யூல் ஒன்றின் வழியாக ஃபவுண்ட்ரி அதைப் படித்துக்கொள்ளும். ஓவியப் பழக்கம் உள்ளவர் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளிலேயே வேலையை முடித்துவிடலாம். நான் இன்றும் முதல் வடிவத்தைத் தாளில்தான் போடுகிறேன். துடைத்து எழுதும் விரிப்பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: ஈரத்துணியால் துடைக்கும் பேனாவின் சிவப்பு மையை இரவு முழுவதும் விரிப்பில் விட்டுவிட்டால் கறை தங்கிவிடும்.

மழைக்குருவி

இருவருக்கும் மிக்க நன்றி. ஒத்திகையை நேற்றிரவே செய்து பார்த்தேன். கயிற்றுப்பாலத்தை வைத்து ஆடியபோது மூன்றாம் சுற்றிலும் என் நாணயங்களில் இரண்டு பாலத்தின் இந்தப் பக்கமே கிடந்தன. சொன்னது கண்முன் தெரிந்தது. கற்பாலத்துக்கு மாற்றியபோது எல்லா நாணயங்களும் இடம் மாறின.

இரண்டு ஐயங்கள் எழுகின்றன. மேலே பாலம், கீழே திட்டு என்று இரண்டு தளங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வரும்போது அதைத் தட்டையான தாளில் எப்படிக் காட்டுவது? பிளவு மூலைவிட்டமாக ஓடுவதாக வரைந்திருக்கிறேன். அதனால் சிக்கல் வருமா?

பழைய பகடை

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். வரும். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிப்படி மூலைவிட்டமாக நகரும் ஒவ்வொரு கட்டமும் 5 அடிதான். 8 கட்டங்களை மூலைவிட்டமாகக் கடப்பவர் 40 அடி செலவழித்து, உண்மையில் ஏறக்குறைய 56 அடி தூரம் போய்விடுகிறார். மூலைவிட்டப் பாலத்தில் எல்லாருமே திடீரென்று வேகம் கூடியவர்களாகிவிடுவார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்காகவே முதல் மூலைவிட்டத்தை ஒன்றாகவும் அடுத்ததை இரண்டாகவும் எண்ணச் சொன்னது; ஐந்தாம் பதிப்பிலும் ஆட்டத்தை நடத்துபவரான கேம் மாஸ்டருக்கான நூலில் அது ஒரு விருப்ப விதியாக இருக்கிறது. மேசையில் அந்த எண்ணிக்கையைச் சுமக்க விருப்பமில்லையென்றால் பாலத்தைக் கட்டத்தோடு நேராக வைத்துவிட்டு, பிளவின் விளிம்பை மட்டும் வளைத்து நெளித்து வரையுங்கள். மூலைவிட்டம் போன்ற தோற்றம் கிடைக்கும், நடை நேராக இருக்கும். இன்னொரு வழி அறுகோணக் கட்டம். அதில் ஆறு பக்கத்து அண்டைகளும் ஒரே தொலைவில் இருக்கும். திறந்த வெளிக்கு அது மிகப் பொருத்தம், ஆனால் நேர்ச்சுவர் உள்ள அறைகளில் சுவரோரம் முழுவதும் அரைக்கட்டங்களாகிவிடும் என்பதால் உள்ளிடங்களுக்கு நான் பயன்படுத்துவதில்லை.

தளங்களைப் பற்றி: பாலத்தின் நேர்கீழே எதையும் நடக்கவிடாதீர்கள், அதுவே எளிய தீர்வு. திட்டுகள் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அடியில் வேண்டாம். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே கட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் நிலையே வராது. திட்டின் நிறத்தைப் பாலத்தைவிடக் கருமையாக்கி, விளிம்பில் ஒரு தடித்த கோடும் அதன் கீழ்ப்பக்கம் நிழலும் போட்டு, ஒவ்வொரு தளத்திலும் ஓரிடத்தில் “0”, “−10” என்று எண்ணைத் தெளிவாக எழுதிவிடுங்கள். வரைபடத்தில் எண் எழுதினால் அழகு கெட்டுவிடும் என்று தயங்குபவர்கள் உண்டு. “இது பள்ளமா மேடா?” என்று ஐந்து முறை கேட்கப்படும் வரைபடத்தைவிட எண் எழுதிய வரைபடம் எனக்கு அழகாகப் படுகிறது.

சுண்ணக்கோடு (மறுமொழி)

எல்லாரும் வரைபடத்தை எப்படிச் செய்வது என்று பேசுகிறீர்கள். வரைபடம் ஆட்டக்காரர்களுக்கு எதைச் சொல்லிவிடுகிறது என்பதையும் பேச வேண்டும் என்று கருதுகிறேன்.

தாளை மேசையில் விரித்த அந்த நொடியிலேயே “இங்கே சண்டை வரப்போகிறது” என்று அறிவித்தாகிவிட்டது. பாலத்தைக் கடக்கப் பேச்சுவார்த்தை நடத்தலாமா, இரவில் பதுங்கிப் போகலாமா என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவர்கள் கையில் பகடையை எடுத்துவிடுவார்கள். இதற்கு நான் கண்ட மருந்து, சண்டை நடக்காத இடங்களுக்கும் அவ்வப்போது வரைபடம் விரிப்பது: ஒரு சந்தை, ஒரு படகுத்துறை, ஒரு பழைய நூலகம். நாலைந்து முறை அப்படிச் செய்தபின் விரிப்பு எதையும் முன்கூட்டி உளறுவதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு ஓநாய்களும் ஒரு காட்டுப் பாதையும் மட்டுமே உள்ள சண்டைக்கு வரைபடமே வேண்டாம். வாயால் சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். உழைப்பைப் பாலத்துக்காகச் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, கேம் மாஸ்டரின் படியும் ஆட்டக்காரரின் படியும் வேறுவேறாக இருக்க வேண்டும். இரகசியக் கதவையும் பொறியையும் தனி லேயரில் வைத்து, ஆட்டக்காரர் படியை ஏற்றுமதி செய்யும்போது அணைத்துவிடுங்கள். அப்படிச் செய்தாலும் சுவர்கள் காட்டிக்கொடுக்கும்: இரண்டு அறைகளுக்கு நடுவே 3 கட்ட அகலத்துக்குக் காரணமில்லாத கரும்பகுதி இருந்தால் யாரும் அங்கே தட்டிப் பார்ப்பார்கள். ஒன்று, அதே போன்ற பருமனான சுவர்களை வேறு இடங்களிலும் வையுங்கள். அல்லது அந்தப் பகுதியைக் கண்டுபிடித்த பிறகு வைப்பதற்காகத் தனித்துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். திரையில் மென்பொருளின் மூடுபனி வசதியைப் போட்டு மறைக்கலாம். மேசையில் வெள்ளைத்தாள் போதும், அறை அறையாக எடுத்துக்கொண்டே வரலாம்.

ஒளியையும் மறந்துவிடக் கூடாது. இந்த விதிகளில் தீப்பந்தம் 20 அடிக்கு முழு வெளிச்சமும் அதற்கு அப்பால் இன்னொரு 20 அடிக்கு மங்கலான வெளிச்சமும் தரும். அதாவது 4 கட்டம், பிறகு 4 கட்டம். பாலச் சண்டை இரவில் நடந்தால் யாராவது ஒருவர் பந்தத்தைப் பிடித்தாக வேண்டும், அவரைத்தான் அக்கரை வில்லாளிகள் முதலில் பார்ப்பார்கள். நடுவில் அணைந்துபோன ஒரு கற்தீபத்தை வரைந்து வைத்தால், அதைப் போய் ஏற்றுவதா வேண்டாமா என்பதே ஒரு முடிவாகிவிடும்.

நிறம் பற்றி ஒரு வேண்டுகோள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் உங்கள் மேசையிலேயே இருக்கலாம், அதை அவர்கள் சொல்லாமலும் இருக்கலாம். எரிகுழம்புக்கும் பாசிக்கும் நிறம் மட்டுமே வேறுபாடாக இருந்தால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றே. கடினத் தரைக்குப் புள்ளிகள், நீருக்கு அலைக்கோடு, ஆபத்துக்குக் குறுக்குக்கோடு என்று வடிவத்தாலும் வேறுபடுத்துங்கள். மறைப்புத் தரும் பொருள்களையும் அதே போலத் தெளிவாகக் காட்ட வேண்டும். அரை மறைப்புக்குக் கவச எண்ணில் (தாக்குபவர் பகடையில் எட்ட வேண்டிய எண்) 2 கூடுகிறது, முக்கால் மறைப்புக்கு 5 கூடுகிறது. அந்த வேறுபாடு உயிரைக் காக்கக்கூடியது. அதைப் படத்தைப் பார்த்தே ஆட்டக்காரர் அறிந்துகொள்ள வேண்டும். என் வழக்கம் இது: இடுப்பளவு உள்ளதற்கு மெல்லிய கோடு, தோளளவு உள்ளதற்குத் தடித்த கோடு. புதரா சுவரா என்று கேட்க வேண்டியதே இல்லை.

மழைக்குருவி

நேற்று பாலத்தை ஆடி முடித்தோம். எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்குப் பயன்படலாம்.

வரைபடம் 21-க்கு 20 கட்டங்கள், ஆறு தாள்கள். ஐந்து கட்டங்களைச் சேர்த்து அளந்தபோது 127 மில்லிமீட்டர் இருந்தது. வரைவதற்கு 3 மணி நேரம், அதற்கு முன் ஒத்திகைகள் இரண்டு. பகைவரின் நோக்கத்தை இப்படி வைத்தேன்: அக்கரையில் இருவர் தூலங்களின் முனையில் கோடரியால் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான்காம் சுற்றின் முடிவில் ஒரு தூலம் விழும், ஆறாம் சுற்றில் அடுத்தது. தூலங்கள் வெட்டப்படும் இடத்தில் எத்தனை சுற்றுகள் ஆயின என்பதைக் காட்ட ஒரு பகடையையே வைத்துவிட்டேன். அந்தப் பகடையின் எண் மாறும்போதெல்லாம் மேசையில் பேச்சு நின்றது.

வீரர் இரண்டாம் சுற்றிலேயே தூலத்தின் மேல் ஏறினார். மூன்றாம் சுற்றில் தள்ளப்பட்டுத் திட்டில் விழுந்தார். முன்பென்றால் அது அவருடைய ஆட்டத்தின் முடிவாக இருந்திருக்கும். அவர் திட்டின் வழியாகப் பாறை நெருக்கைக் கடந்து எதிர்ச்சுவரில் ஏறி, கோடரிக்காரர்களின் முதுகுப்பக்கம் வந்து சேர்ந்தார். சென்ற முறை நான்கு சுற்றுகள் காத்திருந்த வில்லாளி, இம்முறை இடிந்த கைப்பிடிச் சுவர்களுக்கு இடையே மூன்று முறை இடம் மாறினார். மந்திரவாதி தீக்கோளத்தை வீசலாமா என்று மிக நேரம் யோசித்தார். 20 அடி ஆரம் என்பதால் 8 கட்ட அகல வட்டம், எங்கே வைத்தாலும் தூலங்களில் ஒன்று அதற்குள் வந்துவிட்டது. கடைசியில் வீசவில்லை.

ஒரு குறையும் தெரிந்தது. அக்கரை முகாமில் நான்கு கூடாரங்களை வரைந்திருந்தேன். ஒருவர் கூடாரத்துக்குள் புகுந்து மறுபக்கம் கிழித்துக்கொண்டு வரலாமா என்று கேட்டார், என்னிடம் விடை தயாராக இல்லை. அந்த நேரத்துக்கு ஒரு விடை சொல்லிச் சமாளித்தேன்.

பழைய பகடை

கூடாரத்துக்கு அடுத்த முறைக்கான வழி: வரைந்த ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் படியின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். கூடாரம் என்றால், “உள்ளே நுழையலாம், பார்வையை மறைக்கும், அம்பைத் தடுக்காது, கிழிக்க ஒரு செயல்.” ஒரு வரி எழுத மனம் வராத பொருளை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடுவேன், அல்லது தரையின் நிறத்தோடு கரைத்துவிடுவேன். உங்கள் கோபுர வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லாயம், கிணறு, கவிழ்ந்த வண்டி மூன்றுக்கும் இப்படி ஒவ்வொரு வரி எழுதி, வடக்குச் சுவரை உடைத்து, தொடக்க இடத்தைச் சுற்றுமதிலுக்கு உள்ளே நகர்த்தி, தெற்கு ஓரத்தை 10 கட்டங்கள் வெட்டிவிட்டால் அது நல்ல களம். கதையில் கொள்ளையர் திரும்பி வந்து கோபுரத்தை மீட்க முயலட்டும். இம்முறை உள்ளே இருப்பவர்கள் உங்கள் ஆட்டக்காரர்கள், மணிக்கயிறு அவர்கள் கையில்.

மழைக்குருவி

தெற்கு ஓரத்தை வெட்டிவிட்டேன். கிணற்றுக்கான வரி இது: “விளிம்பு அரை மறைப்பு, 30 அடி ஆழம், அடியில் கோபுரத்தின் நிலவறைக்கு ஒரு வழி.” இன்றிரவு நாணயங்களை வைத்து ஆடிப் பார்க்கப் போகிறேன்.